‘முன்கைப் பிடிப்பு’ என்னும் பிழை

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் சிறுவர்களுக்கு டென்னிஸ் கற்பிக்கும் இடங்களில் தரப்படும் குறிப்புத்தாள்களில் ‘ஃபோர்ஹேண்ட் கிரிப்’ (உள்ளங்கை பந்தை நோக்கிச் செல்லும் வீச்சுக்காக மட்டையைப் பற்றும் விதம்) என்பது ‘முன்கைப் பிடிப்பு’ என்றே திரும்பத் திரும்ப அச்சாகி வருகிறது. இது கற்பவரைத் தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும் ஆக்கம்.

‘கிரிப்’ என்பது பற்றுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையின் வழிவந்த சொல். நம் ‘பிடி’ வினையாகவும் பெயராகவும் நின்று அதே பொருளைத் தருகிறது. பிடிக்கும் விதத்தைச் சுட்ட உடும்புப்பிடி, குரங்குப்பிடி என்று தமிழர் முன்பே தொகைச்சொற்கள் ஆக்கியிருக்கிறார்கள். எனவே இங்கே புதுச்சொல் தேடவேண்டிய தேவையே எழவில்லை.

‘முன்கை’ என்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட உறுப்பின் பெயர். குறுந்தொகையின் 53ஆம் பாடலில் தலைவன் ‘நேரிறை முன்கை பற்றி’ச் சூளுரைத்ததாகத் தோழி சொல்கிறாள், அங்கே பற்றப்பட்டது தலைவியின் கை. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓர் உறுப்புக்கு உரிமையாகி நிற்கும் சொல்லை, ‘ஃபோர்’ என்றால் ‘முன்’, ‘ஹேண்ட்’ என்றால் ‘கை’ என்று துண்டு துண்டாகப் பெயர்த்து வேறொன்றின் தலையில் கட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. ‘பிடிப்பு’ இதனினும் கெடுதலானது. பாம்பனிலோ மண்டபத்திலோ வலை இழுத்துக் கரையேறும் ஒருவர் தோளில் பிடிப்பு என்று சொன்னால், தசை இறுகி வலிக்கிறது என்றே கேட்பவர் கொள்வார். மருத்துவரும் தசைப்பிடிப்பு என்றே எழுதுவார். ஆகவே ‘முன்கைப் பிடிப்பு’ என்னும் முழுத்தொடர் ஒரு நோயின் பெயராகிவிடுகிறது. மட்டையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பவருக்கு முன்கைத் தசைவலி மெய்யாகவே வரக்கூடும் என்பதால், பயிற்சித்தாளில் இந்தக் குழப்பத்தை அற்பமானது என்று ஒதுக்க முடியாது.

ஃபோர்ஹேண்டைச் சிலர் ‘வலங்கை வீச்சு’ என்கிறார்கள். இடக்கை ஆட்டக்காரரான நடாலின் ஃபோர்ஹேண்டை அப்போது என்னவென்று அழைப்பது? பந்தை நோக்கி உள்ளங்கை செல்லும் வீச்சு ஃபோர்ஹேண்ட். கையின் பின்புறம் முன்செல்லும் வீச்சு பேக்ஹேண்ட். தேன் எடுத்தவன் நக்குவதாகப் பழமொழி சொல்லும் புறங்கை எல்லாருக்கும் தெரிந்த சொல்லாதலால், ‘உள்ளங்கை வீச்சு’, ‘புறங்கை வீச்சு’ என்னும் இணை விளக்கமின்றியே புரியும். முதலாவதற்குரிய பிடி ‘உள்ளங்கை வீச்சுப் பிடி’. இதை ஏற்க மனமில்லாதவர் ‘ஃபோர்ஹேண்ட் பிடி’ என்றே எழுதலாம். பிழையான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேலானது.

‘கிரிப்’ என்பதைக் ‘கைப்பிடி’ என்று எழுதுவோரும் உண்டு. அது மட்டையின் உறுப்பு. பிடி என்பது கை அதைப் பற்றும் விதம். ஆங்கிலத்தில் கைப்பிடிமேல் சுற்றும் நாடாவுக்கும் ‘கிரிப்’ என்றே பெயர். நம் கடற்கரையின் புழுக்கத்தில் வியர்வையால் நாடா விரைவில் நைந்துபோகும். ‘கிரிப்பை மாற்று’ என்று பயிற்சியாளர் சொன்னால் நாடாவை மாற்றுவதா, பிடியை மாற்றுவதா என்று சிறுவன் திகைக்கிறான். கைப்பிடி, பிடி, பிடிநாடா என்று மூன்றையும் பிரித்துச் சொல்லத் தமிழில் இடமிருக்க, ஆங்கிலத்தின் மயக்கத்தை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

பிடியின் வகைப்பெயர்களிலும் இதே அவசரத்தைக் காண்கிறேன். மட்டையின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள், அதாவது தட்டையான பக்கங்கள், உண்டு. மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்கையில் மேலே இருப்பது முதற்பட்டை. வலக்கையர் அங்கிருந்து வலஞ்சுழியாகவும் இடக்கையர் இடஞ்சுழியாகவும் எண்ணுவர். சுட்டுவிரலின் அடிக்கணு மூன்றாம் பட்டையில் அமர்ந்தால் அது ‘ஈஸ்டர்ன்’, நான்கில் ‘செமி வெஸ்டர்ன்’, ஐந்தில் ‘வெஸ்டர்ன்’. கிழக்கு அமெரிக்காவின் புல்தளங்களில் பந்து தாழ்ந்து வந்ததும், கலிபோர்னியாவின் சிமென்ட் தளங்களில் உயர எழும்பியதும் இப்பெயர்களுக்குக் காரணம். ‘மேற்கத்தியப் பிடி’ என்று பெயர்க்கும்போது தமிழ் வாசகர் ஐரோப்பாவை நினைக்கிறார். கலிபோர்னியா அவர் நினைவில் எழுவதில்லை. பட்டையின் எண்ணையே பெயராக்கினால் கையை எங்கே வைப்பது என்பதும் அப்பெயரிலேயே விளங்கும்.

ஒருவரின் ஆட்டம் எப்படி அமையும் என்பதையும் பெருமளவு இப்பட்டையே தீர்மானிக்கிறது. ஃபெடரரைப்போல் மூன்றாம் பட்டையை ஒட்டிப் பிடிப்பவர் இடுப்புயரப் பந்தைத் தட்டையாகவும் விரைவாகவும் அடித்து, பிடியைச் சிறிதே மாற்றி வலையருகே ஏறிவிடலாம். தோளுயரப் பந்து அவருக்குத் தொல்லை. ஐந்தாம் பட்டைக்காரருக்கு மட்டையின் முகம் கவிழ்ந்திருப்பதால் உயரப் பந்தில் கடுமையான மேற்சுழல் (பந்து முன்னோக்கிச் சுழலும் ‘டாப்ஸ்பின்’) கிடைக்கும். ஆனால் தாழ்ந்த பந்தைத் தோண்டி எடுக்கவேண்டும், வலையருகே பிடி மாற்றவும் நேரம் பிடிக்கும். நான்காம் பட்டை இவற்றுக்கு இடைப்பட்டது. வெயிலில் காய்ந்த சிமென்ட் தளத்தில் பந்து துள்ளும் நம் ஊர்களுக்கு அதுவே ஏற்றது என்பது என் துணிபு.

‘காண்டினென்டல்’ என்னும் இரண்டாம் பட்டைப் பிடியைக் ‘கண்டப் பிடி’ என்று எழுதுவதையும் கைவிடவேண்டும். அப்பெயர் குறிப்பது ஐரோப்பியப் பெருநிலத்தை. தமிழில் கண்டம் கழுத்தையும் குறிப்பதால், கழுத்தைப் பிடிப்பதாகவே அத்தொடரைப் படிக்க நேர்கிறது.