ஓக் மரவீட்டுக்குச் சிமெண்ட் வேண்டாம்

இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் 15-ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடுகள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றின் பாரத்தைச் சுவர் தாங்குவதில்லை. ஓக் மரச் சட்டகம்தான் தாங்குகிறது. கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் இருந்த 'பேலீஃப்' வீட்டை, நீர்த்தேக்கத்துக்காக 1960-களின் இறுதியில் துண்டுதுண்டாகக் கழற்றி, பிறகு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி பூட்டி நிறுத்த முடிந்ததும் அதனால்தான்.

அன்றைய தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே இழைத்தார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, மறு மரத்தின் துளைக்குள் செருகி, மரமுளை அடித்தார்கள். இரு மரங்களிலும் முளைக்கான ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக இராது. ஏறத்தாழ 3 மி.மீ. விலகியிருக்கும். முளை இறங்க இறங்க மூட்டு இழுபட்டு இறுகும். மரம் காயும்போது அகலவாட்டில் சுருங்கும், வளையும். வீடு கோணலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜாக்கி வைத்து நிமிர்த்தப் போனால் முளையும் நாக்கும் முறியும்.

தூண்களுக்கு இடையே ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் என்ற புதர்மரத்தின் வளையும் கொம்புகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சோ கல்லாக இறுகிவிடும். ஓக் பருவத்துக்குப் பருவம் அசையும். இரண்டும் சேரும் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும். மழைநீர் அதில் இறங்கும், வெளியேற வழியில்லாமல் கீழே தேங்கும். முதலில் உளுப்பது தூண்களைத் தாங்கும் அடிக்கட்டை. வெளியே பூச்சு புதிதாக மின்னும். உள்ளே தூணின் கால் மாவாகியிருக்கும். பிளவுகளில் பிதுக்கும் சிலிக்கோன் பசையும் இதே கேட்டைத்தான் செய்யும்.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கலாம். ஈர மீட்டரால் பாருங்கள், கூரிய ஊசியால் குத்திப் பாருங்கள். மேல்தோல் மட்டும் மென்மையாக இருந்தால் விட்டுவிடலாம். ஊசி ஆழமாக இறங்கினால் முட்டுக்கொடுத்துவிட்டு, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, புது ஓக்கைச் சாய்வெட்டில் இணைக்க வேண்டும். போல்ட் தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகுதான். ஓக்கின் டானின் அமிலம் சாதாரண இரும்பை அரித்துவிடும். வெளியே மண் ஏறி அடிக்கட்டையைத் தொட்டால் உடனே வெட்டித் தாழ்த்துங்கள். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலை வைக்காதீர்கள்.

மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு விரும்புவது ஈரப்பட்டுப் பூஞ்சை பிடித்த ஓக்கை. மேலே தெளிக்கும் மருந்து ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டாது. மரத்தை உலரவிடுவதே வைத்தியம்.

பாரம்பரியச் சின்னமாக அரசு பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது, இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மணல்பீய்ச்சிச் சுத்தம் செய்ய யாராவது வந்தால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்; தச்சர் கீறிய அடையாள எண்கள் அதோடு போய்விடும். கூரையின் கைமரங்களில் படிந்த கரியையும் துடைக்காதீர்கள். புகைபோக்கி வருமுன் கூடத்தின் நடுவே அடுப்பு எரிந்ததற்கு அதுவே சாட்சி.