லாரி டேங்கின் கடைசி 20 லிட்டர்

பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் பெரிய விஷயமில்லை. பங்க் வரை தள்ளிக்கொண்டு போய் ஊற்றி, நாலு உதை உதைத்தால் கிளம்பிவிடும். அதே நினைப்பில் டீசலைக் கடைசிச் சொட்டு வரை இழுத்துவிடும் புது லாரி டிரைவர், கிளீனரைக் கேனோடு அனுப்பி வாங்கி வந்து ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்புவார். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. மறுபடியும் சுற்றும், பிடிக்காது. கடைசியில் பேட்டரி இறங்கிவிடும். டேங்கில் டீசல் இருக்கிறது, இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் வண்டி கிளம்பாது. அந்த வழியாக வரும் பழைய டிரைவர் யாராவது எட்டிப் பார்த்து, "ஏர் பிடிச்சிருச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்.

டேங்க் வற்றியபோது டீசல் லைனுக்குள் புகுந்துவிட்ட கொஞ்சம் காற்று, ஆறு சிலிண்டர் இன்ஜினை எப்படி முடக்குகிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்று மட்டும் போகிறது. பிஸ்டன் அதைப் பதினேழில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குகிறது. அப்படி அமுங்கும்போது காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். சுமார் 250 டிகிரியிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் தனியாகப் பொறி வேண்டியதில்லை. சரியான கணத்தில் டீசலைப் புகைபோல நுண்ணிய துளிகளாகத் தெளித்தால் போதும். 'போதும்' என்று சொல்வது சுலபம். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில், எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளுவதற்கென்றே தனியாக அமுக்கிய காற்று தேவைப்பட்டது. அந்தச் சாதனங்களின் எடையும் பருமனும் லாரிக்கு ஒத்துவரவில்லை. 1927-இல் பாஷ் நிறுவனம், டீசலை மட்டும் அழுத்தித் தெளிக்கும் பம்புகளைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. டீசல் இன்ஜின் சாலைக்கு வர அந்த பம்ப்தான் வழி திறந்தது. டீசல் துரை எந்தக் காற்றை வைத்துத் தெளித்தாரோ, அதே காற்று இன்றைக்கு டீசல் லைனுக்குள் வந்தால் ஆகாது என்பது வேடிக்கைதான்.

பழைய வகை லாரி இன்ஜினில், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில் திறக்கச் சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் இருப்பது 8 பார் அளவுதான். இவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குவது பம்புக்குள் மேலும் கீழும் போய்வரும் பிளஞ்சர் என்ற சின்னக் கம்பி. ஒரு தடவை அழுத்தும்போது அது தள்ளும் டீசல் 0.1 மி.லி. கூட இருக்காது. தாராளமாக 0.1 மி.லி. என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

பம்புக்கும் நாசிலுக்கும் நடுவில் 1 மி.லி. டீசல் நிறைந்திருக்கிறது என்றால், அதை 200 பாருக்கு ஏற்ற நூற்றில் ஒன்று, ஒன்றரைப் பங்கு அமுக்கினால் போதும். அதாவது 0.015 மி.லி. அளவுக்குத் தள்ளினாலே அழுத்தம் எகிறி நாசில் திறந்துகொள்ளும். மீதி டீசல் முழுவதும் சிலிண்டருக்குள் போகும். இப்போது அதே இடத்தில் 1 மி.லி. காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஞ்சர் தள்ளும் 0.1 மி.லி.யால் அந்தக் குமிழி 0.9 மி.லி.யாகச் சுருங்கும். அழுத்தம் 1 பாரிலிருந்து 1.1 பாருக்கு ஏறும், அவ்வளவுதான். 200 கேட்கும் இடத்தில் 1.1 கொடுத்தால் நாசில் அசையாது. பிளஞ்சர் இறங்கும்போது குமிழி மறுபடி விரிந்துகொள்ளும். செல்ப் மோட்டாரை எவ்வளவு நேரம் சுற்றினாலும் உள்ளே நடப்பது குமிழியை நசுக்குவதும் விடுவதும்தான்.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகிக் குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும், தண்ணீர் ஏறாது. குழாயில் தண்ணீரை ஊற்றி நிரப்பிய பிறகுதான் இழுக்கும். டீசல் லைனிலும் அதே கதைதான், இடுக்கு மட்டும் பல மடங்கு சின்னது.

அந்த இடுக்கைப் பற்றி இன்னொரு சங்கதி உண்டு. பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி 2, 3 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அங்கே இன்ஜின் ஆயில் போவதில்லை. உராயாமல் வழுக்க வைப்பது ஓடிக்கொண்டிருக்கும் டீசலேதான். டீசல் நின்று காற்று வந்தால் இரும்போடு இரும்பு உரசும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு, அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. காற்றுக்கு இது நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்பும் கூடவே போய்விடுகிறது. அதனால் வழவழப்புக்கென்று தனியாக ஒரு சேர்மானம் கலந்துதான் விற்கிறார்கள்.

இப்போது வருபவை காமன் ரெயில் வண்டிகள்: எல்லா சிலிண்டருக்கும் பொதுவான 'ரெயில்' என்ற ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைப்பவை. இவற்றில் அழுத்தம் 1,600, 2,000 பார் வரை போகிறது. பாகங்களின் நுட்பமும் விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கின்றன. டீசல் வற்றியபடியே ஓட்டி, பிடிக்காத வண்டியைத் திரும்பத் திரும்ப செல்ப் அடித்தால், பம்ப் காய்ந்தபடி சுற்றும். அதில் உதிரும் இரும்புத் துகள், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போய்ச் சேர்ந்துவிட்டால், மிச்சம் பிடித்த டீசல் காசைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும். இந்த வண்டிகளில் டீசலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: இன்ஜெக்டரைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு டேங்குக்கே திரும்புகிறது. டேங்கில் 200 லிட்டர் இருந்தால் அந்தச் சூடு பரவி ஆறிவிடும். 15 லிட்டர்தான் இருக்கிறது என்றால் சூடான டீசலே மறுபடி மறுபடி சுற்றி வரும். சூடேறிய டீசல் நீர்த்துப்போகும், வழவழப்பும் குறையும்.

ஆகவே டேங்கின் அடியில் கிடக்கும் டீசலை எரிபொருள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. காற்று உள்ளே போகாமல் தடுக்கும் மூடி அது. ஆயில் வேலையையும் தண்ணீர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

சரி, அந்த மூடி எவ்வளவு உயரம்? 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் உள்ள டேங்க் 300 லிட்டர் பிடிக்கும். அதில் 1 செ.மீ. உயரத்துக்கு 6 லிட்டர். 20 லிட்டர் மிச்சம் என்றால் உயரம் 3 செ.மீ. சொச்சம், இரண்டு விரல் தடிமன். டீசலை உறிஞ்சும் குழாய் அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு இருக்காது. கசடும் தண்ணீரும் அடியில் தங்கட்டும் என்று கொஞ்சம் மேலேதான் வைத்திருப்பார்கள். இப்போது 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் வண்டி போகிறது. டேங்க்கும் அதே அளவு சாயும். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் டீசல் மட்டம் 6 செ.மீ. வித்தியாசப்படும். 20 லிட்டரும் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறு முனை ஏறக்குறைய வெறும் தகடாகிவிடும். இதோடு ஒரு கொண்டை ஊசி வளைவும் சேர்ந்தால் டீசல் அலைபோல ஒரு மூலைக்கு ஓடும். அந்த இரண்டு மூன்று நொடியில் குழாய் காற்றைக் குடித்துவிடும். சமதளத்தில் இன்னும் 40 கி.மீ. தாங்கியிருக்கக்கூடிய வண்டி, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளில் ஏதோ ஒன்றில் நின்றுபோவதன் காரணம் இதுதான்.

நிற்கும் இடமும் முக்கியம். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், சுமையோடு ஸ்டீயரிங் கல்லாக இறுகும். புகைக் குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்காது. ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் இன்ஜினோடு நின்றுவிடுவதால், பிரேக்குக்கான காற்றுச் சிலிண்டரில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் காற்றோடு சரி. பதற்றத்தில் பெடலை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, கடைசியில் ஸ்பிரிங் பிரேக் தானாக இறுக்கி வண்டியை நட்டநடுச் சாலையில் நிறுத்திவிடும்.

தெரிந்தே யாராவது இப்படி ஓட்டுவார்களா என்றால், ஓட்டுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அலட்சியமல்ல, விலை. தமிழ்நாட்டைவிடக் கர்நாடகத்தில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகவே இருந்துவருகிறது. 250 லிட்டர் போடும் வண்டிக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு மேலேயே நிற்கும். எனவே வடக்கே போகும் வண்டிகள் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் போட்டுக்கொள்ளலாம் என்று இழுத்துப் பிடித்துப் போகின்றன. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போவதற்குள் சாலை 300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சமதளத்தில் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் சுமை வண்டி ஏற்றத்தில் 2-க்கு இறங்குவது சாதாரணம். மிச்சம் பிடிக்கிற நேரத்தில்தான் செலவும் இரட்டிப்பாகிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் செலவு, ஏ.சி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். கோடையில் இரும்புக் கூண்டுக்குள் வெந்த டிரைவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. ஆனால் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கினால் மணிக்கு 2 லிட்டர் அளவுக்குப் போகும். எட்டு மணி நேரத் தூக்கம் 16 லிட்டர். ராத்திரி முள் காட்டியதை நம்பிக் காலையில் கிளம்பினால் கணக்கு உதைக்கும்.

முள்ளையும் முழுசாக நம்ப முடியாது. அது டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவையின் கை. வண்டி சாய்ந்தால் அதுவும் சாயும், பழசானால் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குச்சியைச் செங்குத்தாக விட்டு, ஈரம் பட்ட உயரத்தைப் பார்ப்பதைவிட நம்பகமான கருவி இன்னும் வரவில்லை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். புது டேங்கில் 50 லிட்டர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் குச்சியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளும் டிரைவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் உண்மையான மைலேஜுக்கு, டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடி, மறுபடி விளிம்பு வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். சுமையோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. பிறகு கால் டேங்கைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் மலைப்பாதையும் டிராஃபிக்கும் ஏ.சி.யும் அதற்குள் அடங்கிவிடும்.

டேங்க் காலியானால்தான் கசடு ஏறும் என்று சொல்வது பாதிதான் சரி. குழாய் எப்போதுமே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டேங்க் நிறைந்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் கொஞ்சமே டீசல் இருக்கும்போது அது ஓயாமல் குலுங்கி, படிந்து கிடந்ததைக் கலக்கிவிடுகிறது. மேலே காலியாக இருக்கும் இடத்தில் ராத்திரிக் குளிரில் ஈரம் வியர்த்துத் தண்ணீராக இறங்குவதும் உண்டு.

அப்படியும் நின்றுவிட்டால்? ஒரு பாட்டில் டீசல் எதற்கும் உதவாது. குழாய் வாய் மூழ்க வேண்டும். சாய்வான இடமென்றால் 20 லிட்டர் கேனே ஒன்றுக்கு இரண்டு தேவைப்படலாம். அப்புறம் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கை பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெறும் 'புஸ்', பிறகு சோப்பு நுரைபோல வெள்ளையாக டீசலும் காற்றும் கலந்து வரும். நடுவில் ஒரு நிமிடம் நின்றுபோய், மறுபடி குமிழி விடும். நுரை அடங்கித் தெளிவான டீசல் ஒரே சீராக வழிந்தால், பம்பை அழுத்தியபடியே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். விட்டுவிட்டு இறுக்கினால் அந்த இடைவெளியில் காற்று திரும்பப் போய்விடும். பழைய வண்டியில் அடுத்ததாக நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி, செல்ப் அடித்து, அங்கேயும் ஏர் எடுப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது. 1,600 பாரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். பார்க்க முள் குத்தியதுபோல இருக்கும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இந்த வண்டிகளில் ஃபில்டர் வரை ஏர் எடுத்துவிட்டு, 15 நொடி செல்ப், இரண்டு நிமிடம் ஓய்வு என்று பொறுமையாகப் போவதே வழி. ரெயிலில் குறைந்தபட்ச அழுத்தம் சேரும் வரை வண்டியின் கணினி இன்ஜெக்டரைத் திறக்காது.

டேங்க் பாதி இருந்தும் அடிக்கடி ஏர் பிடிக்கும் வண்டி வேறு வகை. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் லைன் என்பதால், அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகாமல் காற்றுதான் உள்ளே போகும். தரையில் சொட்டுகூட இருக்காது. மெக்கானிக்குகள் ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டி, குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துக்கொண்டே போவார்கள். தேடிப் போனால் பாதிக்குப் பாதி தேய்ந்த செம்பு வாஷர்தான் கையில் சிக்கும்.