நான் எழுதாத 301 குவெரிகள்

காசிமேட்டில் ஒரு கமிஷன் கடைக்கு மீன் ஏலக் கணக்குப் பார்க்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸில் இரண்டே டேபிள்: படகு, ஏலம். ஏல டேபிளில் மீன், கிலோ, விலை எல்லாம் இருக்கும். படகுக்கு மட்டும் பெயர் இருக்காது, அதன் எண்தான்.

டேபிளிடம் எதைக் கேட்கவும் எஸ்.க்யூ.எல் என்று தனி மொழி உண்டு. 1974-இல் ஐ.பி.எம்-மில் சாம்பர்லினும் பாய்ஸும் கொண்டுவந்தது. பட்டியலுக்காக அதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பைத்தான் மொழியில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவோடு வரும் ஓ.ஆர்.எம். பார்த்துக்கொண்டது; நாம் பைத்தானில் எழுதுவதை எஸ்.க்யூ.எல்-ஆக மாற்றித் தரும் கருவி அது. டேபிளுக்கு ஒரு கிளாஸ், ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு ஆப்ஜெக்ட், அவ்வளவுதான்.

'வஞ்சிரம் மட்டும்' என்று ஃபில்டர் போட்டால் அது உடனே டேட்டாபேஸுக்கு ஓடாது, குறித்து வைத்துக்கொள்ளும். 'ஐந்து கிலோவுக்கு மேல்' என்று சேர்த்தாலும் அப்படியே. லூப் போட்டு எடுக்கும்போதுதான் எல்லாவற்றையும் கோத்து ஒரே எஸ்.க்யூ.எல் வாக்கியமாக அனுப்பும். 'வஞ்சிரம்' என்ற சொல்லை வாக்கியத்தில் ஒட்டாமல் தனி மதிப்பாகக் கொடுக்கும். மீன் பெயர் கேட்கும் இடத்தில் எவனாவது 'டேபிளை அழி' என்று கட்டளை அடித்தாலும், அப்படி ஒரு மீன் இருக்கிறதா என்றுதான் தேடும்! விலையை மாற்றி சேவ் செய்தால் அப்டேட் வாக்கியமும் அதன் பொறுப்பு.

சரி, வில்லங்கம் எங்கே? பட்டியலில் படகுப் பெயர் காட்ட 'ஏலம்.படகு.பெயர்' என்று எழுதியிருந்தேன். என் லேப்டாப்பில் பத்து வரி, பறந்தது. கடையில் 300 வரி.

"இன்னா தம்பி, போட்டே கரைக்கு வந்துடுச்சு, உன் லிஸ்ட் இன்னும் வரல?" என்றார் கடைக்கார அண்ணன்.

ஓ.ஆர்.எம். அனுப்பும் வாக்கியங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஏலப் பட்டியலுக்கு ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொரு வரியிலும் அந்தப் புள்ளியைத் தொட்டதும் படகைத் தேடி இன்னொன்று. மொத்தம் 301. ஒரே படகு இருபது வரியில் இருந்தால் அதே பெயரை இருபது தடவை போய்க் கேட்டிருக்கிறது! சர்வர் வெளியூரில், ஒரு தடவை போய்வர 20 மில்லி செகண்ட் என்றாலே ஆறு செகண்ட் காலி. 'என் பிளஸ் ஒன்' (N+1: பட்டியலுக்கு ஒன்று, அதன் N வரிகளுக்கு N) என்று இதற்குப் பெயரே இருக்கிறது. அவ்வளவு பேர் மாட்டியிருக்கிறார்கள்.

'செலக்ட் ரிலேட்டட்' என்று ஒன்றைச் சேர்த்தேன். இரண்டு டேபிளையும் படகு எண்ணை வைத்து ஜாயின் செய்து, அதாவது இணைத்து, ஒரே குவெரியில் எல்லாம் வந்துவிட்டது.

படகுவாரியாக மாதக் கணக்கை மட்டும் கையாலேயே எழுதினேன். ஓ.ஆர்.எம்-முக்கு அதைப் புரியவைக்கப் பன்னிரண்டு வரி ஆனது, எஸ்.க்யூ.எல்-லில் நாலு.