ஊட்டியில் ட்யூன் செய்த டர்போ, மேட்டுப்பாளையத்தில் உருகிய பிஸ்டன்

பிஸ்டனின் ஓரம் கறையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் விரல் நுனி அளவுக்கு அலுமினியமே காணோம். மேல் ரிங் உட்காரும் பள்ளம் உடைந்து, ரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளைப் பீங்கானில் ஜிகினா தூவியதுபோல் பளபளவென்று பொடிப்பொடித் துளிகள். காணாமல் போன அலுமினியம் அங்கேதான் போய் ஒட்டியிருந்தது.

அந்த பைக்கை ட்யூன் செய்தவன் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குன்னூரில் பைக் பட்டறை வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சீசனில் வருவதெல்லாம் கிளட்ச் கருகிய வண்டியும் பிரேக் பேட் தேய்ந்த வண்டியும்தான். நாலைந்து வருஷமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, இதே மாதிரி டர்போ மாட்டித் தர முடியுமா?" என்று கேட்பார்கள். வீடியோவில் நத்தைக்கூடு மாதிரி ஒரு டர்போவும் விசில் சத்தமும் இருக்கும். அந்த வண்டி அடுத்த மாதம் என்ன ஆனது என்பது மட்டும் எந்த வீடியோவிலும் இருக்காது.

மலைக்காரனுக்கு டர்போ மேல் ஆசை வருவதில் தப்பில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 1 பார் காற்றழுத்தம் என்றால் இங்கே 0.77 பார்தான். சாதாரண இன்ஜின் தன்னால் இழுக்க முடிந்த காற்றை மட்டும் வைத்து ஓடுகிறது. காற்று கால்வாசி குறைந்தால் இழுவையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். 47 குதிரைசக்தி என்று விற்கும் 650 சிசி பைக் ஊட்டி சேரிங்கிராஸ் வந்து நிற்கும்போது 36, 37 கொடுத்தால் பெரிது. டர்போ என்ன செய்கிறது? சைலன்சர் வழியே வீணாகப் போகும் சூடான புகையில் ஒரு சக்கரத்தை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவைத்து, அதன் மறுமுனையில் இருக்கும் விசிறியால் காற்றை இன்ஜினுக்குள் அழுத்துகிறது. மேலே தொலைத்ததை மீட்டு, அதற்கு மேலும் கொடுக்கும். சரி, அப்புறம் எங்கே கெடுகிறது?

அருவங்காட்டுப் பையன் ஒருவன். இரட்டை சிலிண்டர் 650. டர்போ, அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் எல்லாம் அவனே வாங்கி வந்துவிட்டான். இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் பெண்ட் பைப்பை வெட்டி ஒட்டி மாட்டினோம். பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் அழுத்தம், 0.5 பார். தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் ஓட்டி ஓட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கை, அதாவது மேப்பைப் போட்டேன். வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோ என்னிடம் கிடையாது. ரோட்டில் செய்தது தப்பு என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். முழு ஆக்சிலேட்டரில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.8 பங்கு காற்று. பூஸ்ட் ஏற்றிய இன்ஜினுக்கு அது பத்திரமான கணக்கு. மூன்று வாரம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நாலாவது வாரம் போன் வந்தது. "அண்ணா, மேட்டுப்பாளையம் தாண்டி அன்னூர் ரோட்டுல நல்லா புடிச்சேன். திடீர்னு இழுவையே இல்ல. நீலப் புகை வருது."

விஷயம் இதுதான். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்குக்கு வெளிக்காற்றுக்கு மேல் 0.5 என்பது மட்டும்தான் தெரியும். ஊட்டியில் 0.77 உடன் 0.5 சேர்ந்தால் 1.27 பார். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றே 0.97. அங்கே மொத்தம் 1.47. மீட்டர் முள் இரண்டு இடத்திலும் அதே 0.5-ஐக் காட்டுகிறது, சிலிண்டருக்குள் போகும் காற்றோ கீழே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிகம். நான் பெட்ரோலை ஆக்சிலேட்டரையும் சுற்றையும் வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன். கம்பெனி வைத்த அழுத்த சென்சார் வெளிக்காற்று அளவுக்கு மட்டும் செய்யப்பட்டது. பூஸ்டில் அது உச்சிக்குப் போய் நின்றுவிடும். காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. 11.8 என்று நான் வைத்தது 13-ஐத் தாண்டியிருக்கும். போதாததற்கு கீழே வெயில் 35 டிகிரி. அழுத்திய காற்றின் சூட்டையும் சேர்த்தால், பிளக் வைத்த தீ வந்து சேர்வதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்பது இதுதான். ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தத்தில் அது காதில் விழாது. பத்து, இருபது விநாடி போதும்.

இதைத் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். முதலில் கோவையில் டைனோவில், சூட்டில், கீழே வைத்து மேப் போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். ஏற ஏறக் காற்று குறைவதால் கலவை பெட்ரோல் பக்கம் சாயும். கொஞ்சம் கரும்புகை விடும், பிஸ்டன் பிழைக்கும். பூஸ்டையும் சேர்த்து அளக்கும் அழுத்த சென்சாரும், அதைப் படிக்கிற தனி இசியுவும் (இன்ஜின் கம்ப்யூட்டர்) இல்லாமல் மலைக்கும் சமவெளிக்கும் போய் வரும் வண்டியில் டர்போவைத் தொடவே கூடாது என்பது என் முடிவு.

பெரிய கம்பெனிகள் இதில் எவ்வளவு பயந்து பயந்து செய்தன என்று பாருங்கள். ஹோண்டா 1982-ல் சிஎக்ஸ்500 டர்போவை விட்டபோது, நாக்கிங் வராமல் இருக்க, சாதாரண சிஎக்ஸ்500-ல் 10:1 என்றிருந்த கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை நசுக்கும் விகிதத்தை, 7.2:1 ஆக இறக்கியது. கவாசாகி 1984-ல் ஜிபிஇசட்750 டர்போவுக்கு 7.8:1 வைத்தது, பூஸ்ட் சீக்கிரம் வரவேண்டும் என்று டர்போவை பெண்ட் பைப்புக்கு ஒட்டி முன்னால் கொண்டுவந்தது. அப்படியும் சில வருஷங்களில் எல்லாரும் கைவிட்டார்கள். நாம் 9.5:1 கம்ப்ரஷன் வண்டியில் பிஸ்டனைக்கூட மாற்றாமல் மாட்டுகிறோம்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. டர்போ இன்ஜினுக்குக் கீழே தொங்கினால், அதில் ஊற்றிய ஆயில் தானாக வழிந்து திரும்பாது. உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன பம்ப் வேண்டும். ஏற்றம் ஏறி வந்ததும் சட்டென்று அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் ஆயில் கருகி பேரிங்கில் கரியாகப் படியும். கிளட்ச் ஸ்பிரிங்கும் பலமாக வேண்டும். அதெல்லாம் செலவுதான், உயிர் போகாது.

உயிர் போவது பிரேக்கில். வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வையுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 1,500 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறினால் ஒரு குடம் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதில் ஒரு பங்கை இன்ஜின் பிரேக்கும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் இரண்டு டிஸ்க்கின் தலையில். இதுவே சாதாரண வண்டியின் கணக்கு. டர்போ வண்டிக்காரன் ஒரு கொண்டை ஊசிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 40-ல் போகமாட்டான், 60-ல் போவான். நிறுத்த வேண்டிய சக்தி அப்போதே இரண்டேகால் மடங்கு. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் குடித்தபின் 155 வரைதான் உத்தரவாதம். நம் ஊர் மஞ்சில் அது ஈரம் குடிக்காமல் என்ன செய்யும்? கொதித்துக் குமிழி விட்டால் லிவர் கைப்பிடியோடு ஒட்டிப்போகும், வண்டி நிற்காது.

இன்னொன்று, வளைவில் ஆக்சிலேட்டரைத் திறந்ததும் பூஸ்ட் வராது. ஒரு நொடி பிந்தி, வண்டி சாய்ந்திருக்கும்போது மொத்தமாக வரும். பர்லியார் பக்கம் மழை நனைத்த ரோட்டில் பின்சக்கரம் அதைத் தாங்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். "சிசி மாறலையே அண்ணா" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு நான் இப்போது டர்போ மாட்டுவதில்லை. கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு மினி லாரியில் ஏற்றிப் போகிறவர்களுக்கு மட்டும்தான்.

அருவங்காட்டுப் பையனின் வண்டிக்கு என் செலவில் பிஸ்டன் போட்டு, பழைய பெண்ட் பைப்பையே மாட்டிக் கொடுத்தேன். டர்போ என் மேசைக்கு அடியில் ஒரு டீத்தூள் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து, "எப்பண்ணா மறுபடி மாட்டலாம்?" என்பான். நான் பதில் சொல்லாமல் அவன் வண்டியின் முன்பக்க பிரேக் ஆயில் டப்பாவைப் பார்ப்பேன். போன வாரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.