மாற்றுத்திறனாளி உதவித்தொகை: "வராதும்மா" என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் வரும் அரசுப் பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. இரண்டு துறைகள், இரண்டு தொகைகள், இரண்டு விதமான விதிகள். இது தெரியாமல் நிறையப் பேர் தப்பான அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அங்கே இருப்பவர்களும் "இது எங்ககிட்ட இல்லை" என்று சொல்வதோடு சரி, எங்கே போக வேண்டும் என்று சொல்வதில்லை.

முதலாவது வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம். ஊரில் இதையும் முதியோர் ஓய்வூதியத்தோடு சேர்த்தே 'ஓஏபி' என்பார்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும், மாநில அரசின் திட்டத்தில் ஊனத்தின் அளவு 40 சதவீதம் இருந்தால் போதும். இதற்குள்ளேயே மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு. அதற்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் வேண்டும். மத்திய அரசு அதில் போடுவது 300 ரூபாய், அதுவும் 2012லிருந்து அதே 300தான். மீதியை மாநிலம் போடுகிறது. வாங்குபவர் கைக்கு வருவது 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். மனுவைப் பார்ப்பவர் தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. இது 2,000 ரூபாய். எல்லோருக்கும் கிடையாது. கை கால் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய் வந்தவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், முதுகுத்தண்டு பாதிப்பு, பார்க்கின்சன் போன்றவை உள்ளவர்கள் இதற்குள் வருவார்கள். மனு போக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். இந்த அலுவலகம் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும், தாலுகாவில் தேடினால் கிடைக்காது. ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது. அதனால் 2,000 ரூபாய்க்குத் தகுதி இருக்கும் ஒருவரை, பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஓஏபியில் எழுதி வைத்துவிட்டால் மாதம் 500 ரூபாய் நஷ்டம். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் அதை ரத்து செய்து சான்று வாங்கி இங்கே கொண்டு வர வேண்டும், அந்த இடைவெளியில் ரெண்டும் இல்லாமல் போகும் மாதங்களும் உண்டு.

ஓய்வூதியமாக வரும் இந்த 1,500 சட்டத்தின் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 24 என்ன சொல்கிறது என்றால், மற்றவர்களுக்கு இருக்கும் அதே மாதிரித் திட்டத்தில் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும். முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அதில் கால் பங்கு 300. கூட்டினால் சரியாக 1,500. சட்டம் போட்ட கீழ்க்கோட்டில் அச்சாக நிற்கிறது, ஒரு ரூபாய் மேலே இல்லை. ஆகவே முதியோர் தொகையைக் கூட்டினால் இதையும் கூட்டியே ஆக வேண்டும், அது யாருடைய பெரிய மனசும் இல்லை. ஆந்திராவில் 2024லிருந்து மாதம் 6,000 தருகிறார்கள் என்று இங்கே போராட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது.

சரி, சான்றிதழ். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான், 2016 சட்டத்தில் 21 வகை. தலசீமியா, ஹீமோபிலியா, ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் உள்ளே வந்தன. 'உங்களைப் பார்த்தா ஊனம் மாதிரி தெரியலையே' என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இப்போது ஒரே இணையதளத்தில் விண்ணப்பிப்பதுதான், இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். அட்டை வந்ததும் அதில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை வந்தால் ஓய்வூதியத்துக்கு வழியில்லை; அளவு தப்பாகப் போடப்பட்டது என்று நினைத்தால் முதலில் அந்தச் சான்றின் மீதுதான் மேல்முறையீடு செய்ய வேண்டும், தாசில்தாரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

இனி மனு கொடுக்கிற இடம். இங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது. ஆதார், ரேஷன் கார்டு, அடையாள அட்டை, பாஸ்புக் எல்லாவற்றின் ஜெராக்ஸும் கொடுத்துவிட்டு "ஆகட்டும் பாக்கறேன்" என்ற வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் இருக்க வேண்டும், இ-சேவையில் போட்டால் அந்த விண்ணப்ப எண். அதன்பின் மனு விஏஓவுக்குப் போகும், அவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதுவார், வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) கையெழுத்து, பிறகு தாசில்தார். ஆதரவற்றவரா இல்லையா என்ற கேள்வியில்தான் ஓஏபி மனுக்கள் அதிகம் அடிபடுகின்றன. மகன் இருக்கிறான், வீடு ஓட்டு வீடாக இல்லை, டிவி இருக்கிறது என்று என்னவெல்லாமோ வாய்மொழியாகச் சொல்வார்கள். அந்த மகன் ஈரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டு தன் குடும்பத்துக்கே பணம் பத்தாமல் இருப்பது அந்தக் குறிப்பில் வராது.

எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு இரண்டு காலிலும் போலியோ. ஓய்வூதியப் பிரிவு இருந்தது மாடியில். அவர் படிக்கட்டின் கீழே ஊன்றுகோலோடு நிற்க, மேலே போய் வந்த ஒருவர் "உங்களுக்கு வராதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் சொன்னது, எந்த விதிப்படி, எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பதிலை பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(ஈ)யின்படி, ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்த முடிவின் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை. அதனால் முதல் வேலை, "என் மனு நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகலைத் தரவும்" என்று எழுதிக் கொடுப்பது. எழுத்தில் காரணம் வந்துவிட்டால் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ மேல்முறையீடு செய்யப் பிடி கிடைத்துவிடும். பல நேரம் எழுதிக் கேட்டவுடனே, நிராகரிப்பு ஆணையே போடவில்லை, கோப்பு விஏஓ மேசையைத் தாண்டவே இல்லை என்பது வெளியே வரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் தகவல் மனு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான்; வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று வைத்தால் அந்தப் பத்தும் வேண்டாம். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் மழுப்பலாக ஏதாவது வரும். என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, ஒவ்வொருவரும் அதன்மேல் என்ன குறிப்பு எழுதினார்கள், அந்தக் குறிப்புகளின் நகல், இப்போது யார் மேசையில் இருக்கிறது: இப்படி ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர்தான் எழுத உதவ வேண்டும், பார்வையற்றவருக்குக் கோப்பைப் பார்வையிடவும் உதவ வேண்டும், இதெல்லாம் அதே சட்டத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் கலெக்டர் கையில் கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அந்த மனு சுற்றிக்கொண்டு அதே தாலுகாவுக்குத்தான் போகும், அங்கிருந்து 'தகுதியில்லை' என்று ஒரு வரி வந்து மனு முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். முதல்வர் உதவி மையமான 1100க்கு போன் செய்தாலும் கதை பெரும்பாலும் இதுதான். மனு எண்ணை வைத்துக்கொண்டு, தகுதியில்லை என்று எந்த விதியின் கீழ் முடித்தீர்கள் என்று மறுபடி எழுதிக் கேட்டால்தான் அசைகிறது.

பணம் சாங்ஷன் ஆகியும் கைக்கு வராத கூட்டம் ஒன்று இருக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்கள், கைவிரல் இல்லாதவர்கள், வயல் வேலையில் ரேகை தேய்ந்தவர்கள். வீட்டுக்கே பணம் கொண்டு வருபவர் விரல் ரேகை வைக்கும் அந்தச் சின்ன மெஷினை நீட்டுவார், துடைத்துத் துடைத்து வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று கிளம்பிவிடுவார். வங்கிக் கேஒய்சிக்கு, அதாவது ஆளை அடையாளம் சரிபார்ப்பதற்கு, கண்ணைச் சிமிட்டச் சொல்வதால் கணக்கு தொடங்க முடியவில்லை என்று அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவை அணுகும்படி இருப்பது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, மாற்று வழி வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. ரேகை விழவில்லை, வேறு வழியில் பணம் தரவும் என்று வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள்.

ஊராட்சியிலும் கேட்க வேண்டியது உண்டு. கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் என்றாலும் சபை நடந்தாக வேண்டும். நிலம், வீடு, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 37 சொல்கிறது. ஆனால் ஒரு ஊராட்சிக்குப் பத்து வீடு வந்தால் 5 சதவீதம் என்பது அரை வீடு, அதைச் சொல்லியே தட்டிக்கழிப்பார்கள். கணக்கை ஒன்றிய அளவில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பிடிஓ) கேளுங்கள், அங்கே முழு எண் வரும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளைத் தேர்தலில்லாமல் நேரடியாக உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டசபையில் மசோதா நிறைவேறியது; உங்கள் மன்றத்தில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்றும் சபையிலேயே கேட்டு, கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் நகரவில்லையென்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். வக்கீல் வேண்டாம், ஒப்புகைச் சீட்டுகள், தகவல் மனுப் பதில்கள் எல்லாம் இணைத்துத் தபாலில் அனுப்பினால் போதும். விசாரணைக்காகச் சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், ஆனால் அதே 2016 சட்டத்தின் பிரிவு 81இன்படி அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும், ஏற்கவில்லை என்றால் ஏன் என்ற காரணத்தையும் எழுதி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.