ஒரே நிலத்தடி நீர், இரண்டு கணக்குப் புத்தகம்

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நகரங்கள். இரண்டின் குடிநீர்ப் பொறியாளர்களும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு நீர்மட்ட வரைபடம். ஒருவருடையதில் கோடு வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போனது. மற்றவருடையதில் கோடு கிட்டத்தட்ட நேராக இருந்தது. இத்தனைக்கும் இரண்டு ஊரும் தண்ணீர் எடுப்பது ஒரே மணல் அடுக்கிலிருந்து. "நீங்கள்தான் அளவுக்கு மீறி உறிஞ்சுகிறீர்கள்" என்று ஒரு பக்கம், "உங்கள் போர்வெல்லில்தான் கோளாறு" என்று மறுபக்கம். காலை முழுக்க இதுவே ஓடியது.

மதியத்துக்கு மேல் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எந்தக் கிணற்றில், எப்போது அளக்கிறீர்கள்? முதல் ஊர்க்காரர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே போர்வெல்லில் அளந்திருந்தார். குழாயின் சல்லடைத் துளைகளில் உப்புப் படிந்து அடைக்க அடைக்க, இறைக்கும் நேரத்தில் உள்ளே மட்டம் இன்னும் கீழே போகும். அவர் காட்டிய இறக்கத்தில் ஒரு பகுதி கிணற்றின் நோய், நீர்ப்படுகையின் (அதாவது தண்ணீரைத் தாங்கி நிற்கும் அந்த மணல் அடுக்கின்) குறை அல்ல. இரண்டாவது ஊர்க்காரரோ வருஷத்துக்கு ஒரே முறை, மழைக்காலம் முடிந்த கையோடு, ஊர் ஓரத்தில் யாரும் இறைக்காத கிணற்றில் அளந்திருந்தார். கோடைக்காலம் அவர் கணக்கிலேயே வரவில்லை. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பல ஊர்கள் சேர்ந்து நிலத்தடி நீரைக் காப்பது பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பங்கீட்டைத்தான் கேட்கிறார்கள். யாருக்கு எவ்வளவு? என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. எல்லாத் தரப்பும் நம்புகிற ஒரே அளவுக் கணக்கு இல்லாத இடத்தில், எவ்வளவு நியாயமான பங்கீடும் ஒரு கடுங்கோடையைத் தாண்டி நிற்பதை நான் பார்த்ததில்லை.

ஆற்றில் தண்ணீர் வற்றினால் கரையில் நிற்கிற எவருக்கும் தெரியும். நிலத்துக்கு அடியில் அப்படித் தெரியாது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் போர்வெல்லைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் உள்வாங்கும். இறைக்க இறைக்கப் புனல் விரியும். தண்ணீர் தாராளமாக ஓடுகிற அடுக்காக இருந்தால், பெரிய இறைப்பின் பாதிப்பு கிலோமீட்டர் கணக்கில் போய்ப் பக்கத்து ஊரின் புனலோடு சேர்ந்துகொள்ளும். சேர்கிற இடத்தில் இரண்டு இறக்கமும் கூடி ஒரே இறக்கமாகும். அங்கே வீட்டுக் கிணறு வைத்திருக்கிறவருக்கு, தன் தண்ணீரை எந்த ஊர் எடுத்தது என்று சொல்லவே முடியாது.

இதில் என்னை மிகவும் வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ஓர் ஊர் மட்டும் பொறுப்பாக இறைப்பைக் குறைத்துக்கொண்டால், அது விட்டுவைத்த தண்ணீர் அங்கேயே தங்குவதில்லை. மட்டம் தாழ்ந்த பக்கமாக, அதாவது குறைக்காத ஊரை நோக்கி, மெல்ல நகர ஆரம்பிக்கும். குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டு, மக்களின் ஏச்சையும் வாங்கிக்கொண்ட ஊர் நாலைந்து வருஷத்தில் சலித்துப்போகும். "நாம் மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு அதற்குமேல் என்னிடமும் பதில் இருப்பதில்லை. சேர்ந்து செய்யவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் பலரை ஏமாற்றுகிறது: மழையில் எவ்வளவு உள்ளே இறங்குகிறதோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளலாம், குறைவே வராது என்பது. உள்ளே இறங்கும் தண்ணீர் வேலையில்லாமல் கிடப்பதில்லை. ஊற்றாகி ஆற்றுக்குப் போகிறது, சதுப்பு நிலத்தை ஈரமாக வைக்கிறது, மரத்தின் வேருக்குப் போகிறது, கடலோரத்தில் உப்புநீரை வெளியே தள்ளி வைக்கிறது. நாம் எடுக்கிற ஒவ்வொரு லிட்டரும் இவற்றில் ஏதோ ஒன்றின் பங்கிலிருந்தோ, சேமிப்பிலிருந்தோதான் வரவேண்டும். அமெரிக்க நீரியலாளர் சார்லஸ் தைஸ் இதை 1940-லேயே தெளிவாக எழுதிவிட்டார். ஆகவே ஒப்பந்த மேசையில் ஆற்றுக்கும் ஊற்றுக்கும் ஒரு பங்கு எழுதியாகவேண்டும்.

சரி, இப்படிச் சேர்ந்து செய்து காட்டியவர்கள் உண்டா? உண்டு. நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் சொல்வது ஜெனீவாவின் கதை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்துக்கும் பிரான்சின் ஓத்-சவுவா மாவட்டத்துக்கும் அடியில் ஒரே நீர்ப்படுகை நாட்டு எல்லையைத் தாண்டிக் கிடக்கிறது. இரு பக்கமும் தனித்தனியே இறைத்ததில் 1960-க்கும் 1980-க்கும் இடையே மட்டம் 7 மீட்டருக்கும் மேல் இறங்கியது. சில கிணறுகளை நிறுத்தும் நிலை வந்தது.

1978-ல் இரு தரப்பும் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டன. கையெழுத்திட்டவை தலைநகரங்கள் அல்ல, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பகுதிகளின் நிர்வாகங்கள்தான். தரப்புக்கு மூன்று பேர் வீதம் ஆறு பேர் கொண்ட குழு அமைந்தது. இறைக்கிற கிணறுகளில் எடுக்கும் தண்ணீரை அளக்கும் மீட்டர் கட்டாயமானது. ஆர்வ் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டல் நிலையத்தை ஜெனீவா கட்டியது. 1980-ல் அது ஓடத் தொடங்கியது. பிரான்ஸ் தரப்பு எடுக்கும் தண்ணீரில் குறிப்பிட்ட அளவுவரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் செறிவூட்டல் செலவில் பங்கு தரவேண்டும். ஆறு கலங்கி ஓடும் நாட்களில் நிலையத்தை நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அழுக்கு ஒருமுறை உள்ளே இறங்கினால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. நீர்மட்டம் மீண்டது. 2008-ல் ஒப்பந்தத்தை இன்னொரு 30 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது மீட்டரும் பணமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பது. செலவைப் பிரிப்பது மீட்டர் எண்ணை வைத்துத்தான் என்றால், மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதில் இரு தரப்புக்குமே அக்கறை வந்துவிடும்.

ஜெனீவாவில் தரப்பு இரண்டுதான். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள மேற்குப் படுகையில் நூற்றுக்கணக்கானோர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையை ஒட்டிய படுகை அது. மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போனதும் உப்புநீர் உள்ளே புகுந்தது. 1945-ல் வழக்குப் போட்டார்கள். தீர்ப்புக்குக் காத்திருக்காமல் 1955-லேயே பெரும்பாலானோர் தங்களுக்குள் ஓர் இடைக்கால உடன்பாட்டில் இறைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். 1961-ல் தீர்ப்பு வந்தது. கடலோரத்தில் வரிசையாகக் கிணறு போட்டு நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி உப்புக்குத் தடுப்பு எழுப்பினார்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கை ஒரு பொது அதிகாரி வருஷந்தோறும் வெளியிட்டார். பக்கத்துக்காரர் ஒழுங்காக நடக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் தானும் ஒழுங்காக நடக்க மனம் வருகிறது. இந்தப் படுகையைத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற அதே ஆஸ்ட்ரம்தான்.

விவசாயிகள் நடுவில் பேசும்போது கன்சாஸ் மாநிலத்தின் ஷெரிடன் 6 பகுதியைச் சொல்வேன். எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்திருக்கும் ஓகலாலா படுகையின் ஒரு சிறு துண்டு அது. அங்குள்ள விவசாயிகள் இறைப்பை ஏறக்குறைய 20 சதவீதம் குறைப்பது என்று தாங்களே திட்டம் போட்டு, 2013-ல் சட்டப்படி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வருஷக் கணக்கு கிடையாது, ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து, பாசன நிலத்தின் மேல் 55 அங்குல உயரத்துக்கு நிற்கிற அளவு தண்ணீர். காய்ந்த வருஷத்தில் கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஈரமான வருஷத்தில் ஈடு கட்டலாம். இலக்கைவிட அதிகமாகவே குறைத்தார்கள். ஐந்து வருஷம் முடிந்ததும் திட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

நாடுகளுக்கு இடையே இது மெதுவாகத்தான் நகர்கிறது. குவாரனி படுகைக்காக அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே நான்கும் 2010-ல் போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 2020 ஆயிற்று.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. படுகைக்குள் களிமண் அடுக்குகள் இருந்தால், தண்ணீர் வடிந்ததும் அவை அமுங்கிவிடும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இடம் பெரும்பாலும் திரும்பாது, மேலே நிலமும் தாழும். கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1925-க்கும் 1977-க்கும் இடையே ஓரிடத்தில் நிலம் 8 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கே இழந்தது தண்ணீரை மட்டுமல்ல, தண்ணீரைச் சேர்த்துவைக்கும் இடத்தையும்தான்.

கூட்டங்களில் எதிர்ப்பு பெரும்பாலும் மீட்டருக்குத்தான் வரும். மீட்டர் வைத்தால் நாளைக்கு வரி போடுவார்கள், ஒதுக்கீட்டை வெட்டுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடுவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் இரண்டு வருஷ எண்களை வைத்து யார் மீதும் நடவடிக்கை கூடாது என்று எழுத்திலேயே போட்டுவிடச் சொல்வேன். அப்புறம் தனியார் போர்வெல்கள். ஊராட்சியும் நகராட்சியும் மட்டும் கையெழுத்துப் போட்டு, தொழிற்சாலைகளும் தோட்டங்களும் வெளியே நின்றால் கணக்கு ஓட்டைப் பானைதான். எல்லாரையும் முதல் நாளே உள்ளே கொண்டுவர முடியாவிட்டாலும், பெரிய மோட்டார்களையாவது விடக்கூடாது. சொட்டுநீர்ப் பாசனத்தையும் கவனிக்கவேண்டும். மிச்சமான தண்ணீரில் இன்னும் நாலு ஏக்கர் கூடுதலாகப் பயிரிட்டால் படுகைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அந்த இரண்டு நகரங்களிலும் பத்துக் கண்காணிப்புக் கிணறுகளைச் சேர்ந்தே தேர்ந்தெடுத்தோம். மாதத்துக்கு ஒருமுறை, பக்கத்து மோட்டார்களைப் போதுமான நேரம் நிறுத்திவைத்து, இரு ஊர் ஆட்களும் ஒன்றாகப் போய் அளப்பது என்று முடிவாயிற்று. முதல் நாள், முதல் கிணற்றிலேயே இரண்டு பேரின் அளவும் 40 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டது. ஒருவர் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கேசிங் குழாயின் (போர்வெல்லின் வெளிக்குழாய்) விளிம்பிலிருந்தும், மற்றவர் தரையிலிருந்தும் பார்த்திருந்தார். யாரும் கோபப்படவில்லை. குழாயின் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு, இனி இங்கிருந்துதான் என்று வைத்துக்கொண்டார்கள்.

இப்போது இரண்டு ஊரிலும் ஒரே வரைபடம்தான் சுவரில் தொங்குகிறது. கோடு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கோடையில் மோட்டாரை எத்தனை மணி நேரம் குறைப்பது என்பதில்தான் இப்போதைய வாக்குவாதம். போன கூட்டத்தில் முதல் ஊர் மூன்று மணி நேரம் என்றது, இரண்டாவது ஊர் ஒன்றரை என்றது. அடுத்த மாதம் மறுபடி உட்காருகிறோம்.