மாமூல்: வழக்கம் என்ற சொல் வசூல் ஆன கதை

தள்ளுவண்டிக்காரர் கடை கட்டும் நேரம். ஒரு பைக் வந்து நிற்கிறது, என்ஜின் அணையவில்லை. நாலாக மடித்த நோட்டு ஒன்று கை மாறுகிறது. காக்கிச் சட்டைக்காரர் எதுவும் கேட்கவில்லை. வண்டிக்காரரும் எவ்வளவு என்று கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்த தொகை. இதுதான் மாமூல்.

சொல் அரபியில் பிறந்தது. அங்கே ‘அமல்’ என்றால் செயல். அதிலிருந்து வந்த ‘மஅமூல்’ செய்யப்படுவது, நடைமுறையில் இருப்பது என்று பொருள்படும். பாரசீகம், உருது வழியாக இங்கே வந்து தங்கிவிட்டது. ‘மாமூலாக வருகிறவர்’, ‘மாமூல் வாழ்க்கை திரும்பியது’ என்னும்போது இன்றும் அந்தப் பழைய பொருள்தான், களங்கம் ஏதுமில்லை. ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்கிறோமே, அந்த அமலும் இதே வேர்தான். சட்டத்தை அமல்படுத்துவதும் மாமூல் வாங்குவதும் மொழியில் ஒரு தாய் பிள்ளைகள்!

சரி, லஞ்சமும் மாமூலும் ஒன்றா? சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. புழக்கத்தில் வேறு. லஞ்சம் ஒரு காரியத்துக்குக் கொடுப்பது. மாமூல் எந்தக் காரியமும் நடக்காமலிருக்கக் கொடுப்பது: கண்டுகொள்ளாமல் போவதற்கான கூலி. ஆள் மாற்றலாகிப் போனாலும் புதிதாக வருபவருக்கு அது தொடரும், ஏதோ பதவியோடு ஒட்டிய சம்பளப் படி போல. 2018 திருத்தத்தின்படி, கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தண்டனையிலிருந்து தப்பலாம். மாமூலில் யாரும் கட்டாயப்படுத்துவதாகவே தெரிவதில்லை, அப்புறம் புகார் எங்கிருந்து வரும்?

காவலர் நடத்தை நெறி ஒன்றை மத்திய உள்துறை 1985இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. காவல்துறையின் மதிப்புக்கு அடிப்படையே அப்பழுக்கற்ற நேர்மை என்கிறது அது. அந்த மதிப்பை வண்டிக்காரரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். நாளைக்கு அவர் கல்லாவை எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடினால், புகார் கொடுக்க அவர் போய் நிற்க வேண்டியது அதே பைக்காரர் முன்னால்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? முதல் பொருளுக்கு ‘வழக்கம்’, ‘வழமை’ போதும். இரண்டாவதுதான் சிக்கல். ‘வழக்கப்பணம்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால், மாமூல் மூடிமறைக்கும் அதே குற்றத்தைத் தமிழிலும் மூடிமறைப்போம். பழைய தமிழ் விவிலியத்தில் வரும் ‘பரிதானம்’ இன்று யாருக்கும் புரியாது. ‘கைக்கூலி’ இருக்கிறது, ஆனால் அது அடியாளையும் குறிக்கும், சில இடங்களில் வரதட்சணையையும் குறிக்கும். என் ஓட்டு ‘கையூட்டு’க்கு. தவணை முறையில் வாங்கினால் ‘மாதக் கையூட்டு’ என்றே எழுதலாம்.

இன்னொரு இடம் பாக்கி. ‘மாமூல் கேட்டு மிரட்டிய ரவுடி கைது’ என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். அங்கே கையூட்டு பொருந்தாது, ‘பணப்பறிப்பு’ என்றுதான் எழுத வேண்டும். பேச்சில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல். கைது செய்கிறவர் வாங்குவதும் மாமூல், கைதானவன் கேட்டதும் மாமூல்.